ஊர் ஒண்ணு, எழுத்து ரெண்டு: தாமிரபரணியைத் தேடத் தெரியுமா கணினிக்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது.

அப்படி ஒரு நேரத்தில் வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ ஊர்ப் பெயரைத் தட்டித் தேடுவது பொழுதுபோக்குக்காக அல்ல. ஆனால், அந்தப் பெயரே கணினிக்கு ஒரு புதிர்.

ஒரே ஊர், எத்தனை பெயர்?

ஸ்ரீவைகுண்டம் என்று சிலர் எழுதுவார்கள், திருவைகுண்டம் என்று சிலர். அதுகூடப் பரவாயில்லை. 'ஸ்ரீ' என்ற ஓர் எழுத்தையே யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒன்று, 'ஸ'-வில் தொடங்குவது. இன்னொன்று, 2005-ல் யூனிகோடு 4.1 பதிப்பில் வந்த 'ஶ'-வில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு மட்டும் அவை வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றொன்று சிக்காது.

குவெரி லைப்ரரி என்ன செய்யும்?

தேடல் பெட்டியில் நாம் தட்டும் சொல் அப்படியே தேடப்படுவதில்லை. அதை ஒரு முறையான கேள்வியாக மாற்ற வேண்டும். 'வெள்ளம்' என்ற சொல் கட்டாயம் இருக்கணும். ஊர்ப் பெயரின் நாலு வடிவங்களில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். தேதி இதற்குள் இருக்கணும். இந்தச் சொல் வந்தால் வேண்டாம். இப்படி அடுக்கித் தருவதற்கென்றே நிரல் தொகுப்புகள் உண்டு. எலாஸ்டிக்சர்ச் தேடுபொறிக்கான பைத்தான் டி.எஸ்.எல். லைப்ரரி அவற்றில் ஒன்று. இதைப் பயன்படுத்த யாரும் பைசா கட்ட வேண்டியதில்லை.

தமிழுக்கான அடிப்படை வேலையும் ஓரளவு நடந்திருக்கிறது. சொல்லின் விகுதியை வெட்டி வேரைத் தேடும் ஸ்னோபால் கருவியில் தமிழ் இருக்கிறது. 2019-ல் வெளியான போஸ்ட்கிரெஸ் 12 தரவுத்தளத்திலும் அது சேர்ந்துவிட்டது. வேற்றுமை உருபு ஒட்டிய சொற்களைப் பிடிக்க இது உதவும். ஆனால், திருவும் ஸ்ரீயும் ஒண்ணுதான் என்பது அதற்குத் தெரியாது. அதை உள்ளூர் விஷயம் தெரிந்த ஆள்தான் சொல்லித் தரணும்.

'நெல்லை' என்றால் நெல்லா, ஊரா?

பெயர்ப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தாலும் சிக்கல்தான். திருநெல்வேலியோடு 'நெல்லை'யைச் சேர்த்தால், 'நெல்லைக் கொள்முதல் செய்ய' என்ற தஞ்சாவூர்ச் செய்தியும் வந்து நிற்கும். தாமிரபரணியோடு 'பொருநை'யைச் சேர்த்தால், சங்க இலக்கியத்தில் அதே பெயர் பெற்ற கரூர் ஆறும் கூடவே வரும். எந்தச் சொல்லை எப்போது சேர்ப்பது, எப்போது விலக்குவது என்ற நிபந்தனையும் கேள்விக்குள் இருக்க வேண்டும்.

காலமும் ஒரு நிபந்தனை. ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டம் பிறந்ததே 1986-ல்தான். அதற்கு முந்தைய ஆவணம் என்றால் திருநெல்வேலியில் தேடணும். இன்னும் பின்னால் போனால், ஆங்கிலத்தில் 'டின்னவேலி'. தென்காசியும் 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம்தான். பாசன உரிமைக்கு ஆதாரம் தேடும் விவசாயிக்கு இந்த வரலாறு பாடமாகத் தெரியணும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

'கூகுள்ல போட்டா வந்துடுமே!'

வரலாம். பொதுவெளியில் இருக்கும் பக்கங்களுக்கு கூகுள் கைகொடுக்கும். ஓர் இணையதளத்தின் உள்ளே இருக்கும் தேடல் பெட்டிக்குப் பின்னால் கூகுள் இருக்கும் என்பது உறுதியில்லை. அங்கே கேள்வியை எப்படி அடுக்கியிருக்கிறார்களோ, அப்படித்தான் பதில். தமிழக அரசு யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றது 2010-ல். அதற்கு முன் பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை மாற்றாமல் வைத்திருந்தால், எந்தத் தேடலுக்கும் அவை அகப்படாது.

எனவே செய்ய வேண்டியது பெரிய செயற்கை நுண்ணறிவுத் திட்டம் அல்ல. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அவற்றின் கால்வாய்கள், குளங்கள், கிராமங்கள். இவற்றின் எல்லாப் பெயர்களும், எழுத்து வடிவங்களும், எந்த ஆண்டில் எந்த மாவட்டம் என்ற விவரமும் கொண்ட ஒரு பட்டியல் போதும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து அதைத் தயாரித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இந்த மூன்று மாவட்டங்களிலும் நிறையவே இருக்கிறார்கள். ஊர்ப் பெயர் தெரிந்த தாசில்தார் அலுவலகங்களும் இருக்கின்றன. இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் பாக்கி. அடுத்த மழைக்கு முன்னால் அது நடந்தால் நல்லது.