புளூபெர்ரி நாற்று வாங்குமுன் ரகப்பெயரைக் கேளுங்கள்

இணையக் கடைகளில் புளூபெர்ரி நாற்று விற்பனை சூடுபிடித்திருக்கிறது. "எங்கு வைத்தாலும் காய்க்கும்" என்கிறார்கள். ரகத்தின் பெயரை மட்டும் பலர் சொல்வதில்லை. பெயர் சொல்லாமல் இந்தச் செடியை விற்பது ஏமாற்று வேலை என்பதே என் கருத்து.

வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் புதர்ச்செடி பூப்பதற்கு இரண்டு அடையாளங்களை எதிர்பார்க்கிறது. கோடை முடிந்து பகல் குறுகும்போது கிளை நுனிகளில் பூமொட்டுகள் உருவாகின்றன. ஆனால் அவை உடனே விரிவதில்லை. இலை உதிர்த்து உறங்கும் செடி, ஏறத்தாழ 0 முதல் 7 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் போதிய நேரம் இருந்தாக வேண்டும். 'புளூகிராப்' போன்ற வடபுல ரகங்களுக்கு இது சுமார் 800 மணி நேரம். அதன் பிறகு வெப்பம் வந்தால்தான் மொட்டு ஒழுங்காக அவிழும். பனிக்காலத்தின் நடுவே நான்கு நாள் வெயிலடித்தால் ஏமாந்து பூத்து, அடுத்த உறைபனியில் கருகிவிடக் கூடாதல்லவா?

அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவ்வில் இதை 1920இல் விளக்கி எழுதினார். குளிர்காலம் முழுவதும் வெதுவெதுப்பான கண்ணாடிக் குடிலில் சொகுசாக வைத்த செடிகள், வசந்தம் வந்தும் சரியாகத் துளிர்க்கவில்லை. ஒரு செடியின் ஒரே ஒரு கிளையைக் கண்ணாடித் துளை வழியே வெளியே நீட்டிவிட்டார். குளிர்பட்ட அந்தக் கிளை துளிர்த்தது. மற்றவை உறங்கிக் கிடந்தன. எவ்வளவு எளிய சோதனை! குளிரின் வேலை வேரில் அல்ல, அந்தந்த மொட்டில் நடக்கிறது. தொட்டி மண்ணில் பனிக்கட்டி கொட்டுவது வீண் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கோலாலம்பூரில் இரவில்கூட 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கேமரன் மலையின் இரவுக் குளிரும் பெரும்பாலும் 15 பாகையை ஒட்டியதுதான். பகல் நீளமோ ஆண்டு முழுவதற்கும் 20 நிமிடம் அளவே மாறுகிறது. புளூகிராப் இங்கே இலை விடலாம்; பழத்துக்குக் காத்திருப்பது வீண்.

குளிர்த்தேவை குறைந்த தென்புல ரகங்களும் உண்டு. 'பிலோக்சி' அவற்றில் ஒன்று. பெரு நாட்டின் கடலோரப் பாலையில், கடுங்குளிரே இல்லாமல், இலை உதிர்க்காமலே காய்க்கிறது. அங்கே கவாத்து செய்யும் நாளை வைத்து அறுவடையைத் திட்டமிடுகிறார்கள். அதற்கும் அமில மண் வேண்டும்; பிஎச் 4.5 முதல் 5.5 வரை.

ஆகவே விற்பவரிடம் ரகப்பெயரையும் குளிர் மணிக்கணக்கையும் கேளுங்கள். "வெப்பமண்டல ரகம்" என்று மட்டும் பதில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.