கெஸாதாவும் வழவழப்பான பயணக் கட்டுரைகளும்

ஸ்பெயினில் கெஸாதா என்றொரு மலைச்சரிவு ஊர். அங்கே எண்ணெயும் கவிதையும் ஒரே மண்ணில் ஊறுகின்றன என்கிற ரீதியில் போன மாதம் ஒரு பயணக் கட்டுரை வாசித்தேன். எரிச்சல் வந்தது. எழுதியவர் மேல் பாதி, என் மேல் பாதி. ஏன்னா மூன்று வருஷம் முன்னால் ஆபீஸ் வேலையாக மாட்ரிட் போனவன், டிசம்பர் வார இறுதியில் பஸ் பிடித்து அதே ஊரில் இறங்கி, கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை ஒரு போட்டோவுக்குக் கீழே எழுதினேன். நல்ல லைக் வந்தது.

ஊர் அழகுதான், அதில் சண்டை இல்லை. வெள்ளை வீடுகள், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆலிவ். ஹாயேன் மாகாணம் முழுக்க 6 கோடிக்கும் மேல் மரங்கள். எக்ஸெல்லில் ஒரு செல்லை நிரப்பிவிட்டுக் கீழே இழுத்த மாதிரி, வரிசை பிசகாமல்.

சண்டை அந்த 'ஊறுகிறது' என்ற சொல்லோடுதான். மிகேல் எர்னாண்டஸ் அந்த மலை பெற்ற கவிஞர் இல்லை. 1910இல் ஓரிவேலாவில் பிறந்தவர், ஆடு மேய்த்தவர். கெஸாதா அவர் மனைவி ஹொசெஃபினா மன்ரெஸாவின் பிறந்த ஊர். ஆலிவ் பறிப்பவர்களைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கவிதையை அவர் எழுதியது 1937இல், ஹாயேன் நகரில், உள்நாட்டுப் போரின் நடுவே, போர்முனைப் பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தபோது. மண்வாசனைக்காக எழுதியது இல்லை அது. இந்த மரங்களை வளர்த்தது யார், அனுபவிப்பது யார் என்று கூலிக்காரனிடமே நேராகக் கேட்கிற கவிதை. எங்கள் தொழிலில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியையும் எழுதியது யார் என்று பெயரோடு காட்டிவிடும். எர்னாண்டஸ் அந்தக் கட்டளையை ஒரு மலைக்கே போட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு? போரில் குடியரசுத் தரப்பு தோற்றது. மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அதை 30 வருடச் சிறையாகக் குறைத்தார்கள். 1942 மார்ச்சில் அலிகாந்தே சிறையில் காசநோயில் செத்துப்போனார். வயது 31. வெளியே ஹொசெஃபினா ரொட்டியும் வெங்காயமும் தின்று பிள்ளைக்குப் பால் கொடுத்தார். துணி தைத்துப் பிழைத்தார். ஃபிராங்கோ ஆட்சி முடிகிற வரைக்கும், அதற்குப் பிறகும், கணவரின் கையெழுத்துப் பிரதிகளைக் காப்பாற்றி வைத்திருந்தார். இன்றைக்குக் கெஸாதா அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நாம் பார்க்கிற தாள்கள் அந்தப் பெண் ஒளித்தும் சுமந்தும் கொண்டுவந்தவை. நான் வாசித்த கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை. வெயில் எப்படி விழுந்தது என்று மட்டும் இரண்டு பத்தி.

2013இல் அந்தக் கவிதை ஹாயேன் மாகாணத்தின் அதிகாரப்பூர்வ கீதமாகிவிட்டது. மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் கீதம் என்றால் எழுந்து நின்று பாடுவோம், முடிந்ததும் உட்கார்ந்துவிடுவோம். கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு: இப்போது பண்ணையார் காலமா என்ன? ஹாயேனில் ஏராளமான தோப்புகள் சிறு விவசாயிகளுடையவை, கூட்டுறவு ஆலைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. உண்மை. ஆனால் அறுவடையை யார் செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். குளிர்காலம். மரத்தடியில் வலை விரித்து, நீளக் கழியால் கிளையை அடித்து, இல்லாவிட்டால் மெஷினால் மரத்தையே உலுக்கி, காயை உதிர்க்கிற வேலை. உள்ளூர்க்காரர்களோடு மொராக்கோவிலிருந்தும் செனகலிலிருந்தும் வந்தவர்களும் சேர்ந்துதான் அதைச் செய்கிறார்கள். பருவத் தொழிலாளர் விடுதிகளில் அவர்களுக்குச் சில இரவுகள்தான் இடம். அதற்குள் வேலை கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஊர். பண்ணையார் போயிருக்கலாம், கேள்வி போகவில்லை. கேட்க வேண்டிய ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

"பயணக் கட்டுரையில் இதெல்லாம் எதுக்கு, ரசிக்கக்கூடக் கூடாதா?" என்று நண்பன் கேட்டான். ரசிக்கலாம்டா. நான் வாங்கி வந்த எண்ணெய் பிரமாதம். கொஞ்சம் கசந்து தொண்டையில் காரமாக இறங்கும், தோசைக்கு ஊற்றினால் அம்மா திட்டுவாள். என் புகார் ரசனை மேல் இல்லை. கேட்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு கவிதையை வாயடைத்து அலங்காரப் பொருளாக்குகிறோமே, அதன் மேல். அதையும் இலக்கியத்தின் பெயரால் செய்கிறோம்.

திரும்பும் வழியில் ஒரு பஸ் நிலையத்தில் இரவு மூன்று மணி நேரம் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் இரண்டு பேர், சுருட்டிய போர்வையும் பிளாஸ்டிக் பையுமாக. ஒருவன் என்னிடம் சார்ஜர் கேட்டான், கொடுத்தேன். விரல்களில் கறுப்புக் கறை. ஆலிவ் கறையா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. மொபைலில் லைக் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.