பரிசுப் பெட்டியும் பயணப் பெட்டியும்

ஒன்பது வயதில் ஒரு குழந்தைக்கு அப்பா, அம்மா கிடைக்கிறார்கள். கூடவே புதிய நாடு, புதிய மொழி, புதிய சாப்பாடு, சில வீடுகளில் புதிய பெயரும். வெளிநாட்டிலிருந்து சற்று வளர்ந்த பிள்ளைகளைத் தத்தெடுக்கும் அமெரிக்க, இத்தாலிய, ஸ்பானியக் குடும்பங்களில் நடப்பது இது. விண்ணப்பம், விசாரணை, நீதிமன்ற உத்தரவு, விசா என்று இரண்டு மூன்று வருடம் அலைந்து பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்து, மூச்சு விடுவதற்குள் முதல் பண்டிகை வந்துவிடும். பெரும்பாலும் கிறிஸ்துமஸ். குழந்தையில்லாத வீட்டில் பல டிசம்பர்களைக் கழித்த தம்பதிக்கு அது எப்பேர்ப்பட்ட நாள் என்று சொல்லத் தேவையில்லை. மரம், விளக்கு, மரத்தடியில் இருபது பரிசு, மேஜையைச் சுற்றி முப்பது உறவினர்.

அன்றைக்குத்தான் பிள்ளை பொம்மையைச் சுவரில் எறிந்து உடைக்கும். அல்லது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கும். இவ்வளவு செய்தும் இப்படியா என்று அம்மா சமையலறையில் நின்று அழுவார். நன்றி கெட்டது என்று யாராவது ஒரு பெரியப்பா முணுமுணுப்பார்.

நன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நாள் என்றால் மணியடித்தால் எழுவது, மணியடித்தால் சாப்பிடுவது. பொம்மை எல்லோருக்கும் பொது. ஆகவே யாருக்கும் சொந்தமில்லை. ஒரே காலையில் இருபது பொருளை "உனக்கே உனக்கு" என்று முன்னால் குவித்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது, யார் பிடுங்குவார்கள், எவ்வளவு நாள் இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். இப்படிப்பட்ட பிள்ளைகள் ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பது தத்தெடுத்த பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். அனுபவசாலிகள் அதைக் கண்டிக்க மாட்டார்கள். பழமும் பிஸ்கெட்டும் நிரம்பிய ஒரு கூடையைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, அது காலியாகாமல் பார்த்துக்கொள்வார்கள். மாதங்கள் போகும். ஒருநாள் கூடையை யாரும் தொடாமலே இருக்கும்.

சாண்டா கிளாஸ் விஷயத்தையும் பிள்ளையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் நீ தூங்கும்போது வீட்டுக்குள் நுழைவார். நீ நல்லவனா, கெட்டவனா என்று பட்டியல் வைத்திருக்கிறார். தான் கெட்ட பிள்ளை, அதனால்தான் பெற்ற தாய் விட்டுவிட்டுப் போனாள் என்று உள்ளூர நம்பும் குழந்தைக்கு இது விளையாட்டில்லை. விவரம் தெரிந்த சில பெற்றோர் முதல் வருடம் சாண்டாவுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். பரிசு நாங்கள்தான் வாங்கினோம், கதவு பூட்டியிருக்கிறது, இரவில் யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லித் தூங்க வைக்கிறார்கள்.

பெரியவர்கள் மறந்துபோகும் இன்னொன்று, பிள்ளை ஏற்கெனவே பண்டிகை தெரிந்துதான் வருகிறது என்பது. ரஷ்யாவை எடுத்துக்கொள்வோம். 1920-களின் இறுதியில் சோவியத் அரசு கிறிஸ்துமஸ் மரத்தை ஒழித்துக்கட்டியது. 1935 டிசம்பரில் அதே மரம் 'புத்தாண்டு மரம்' என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. அன்றிலிருந்து ரஷ்யக் குழந்தைகளுக்குப் பரிசு நாள் புத்தாண்டுதான். தெத் மரோஸ் என்ற பனித் தாத்தா, பேத்தி ஸ்னெகூரச்காவோடு எல்லோர் கண்ணுக்கும் எதிரே வருவார். திருட்டுத்தனமாகப் புகைபோக்கியில் இறங்குவதில்லை. பிள்ளை ஒரு பாட்டுச் சொல்ல வேண்டும், அவர் கையால் இனிப்பும் ஆரஞ்சும் வாங்கிக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் பிறகு, ஜனவரி 7-இல்தான். கொலம்பியாவில் டிசம்பர் 16-இலிருந்து ஒன்பது மாலைகள் ஜெபமும் பாட்டுமாகப் போகும். 24-ஆம் தேதி நள்ளிரவில் பரிசு தருவது குழந்தை இயேசுவே. எத்தியோப்பியாவில் புது வருடமே செப்டம்பர் 11-இல் பிறக்கிறது; கிறிஸ்துமஸ் அங்கேயும் ஜனவரி 7. மாஸ்கோவிலிருந்தோ பொகோட்டாவிலிருந்தோ வந்த பிள்ளை டிசம்பர் 25 காலையில் விழித்துக்கொண்டு நிற்பது, பொங்கலை மார்ச்சில் வைத்துவிட்டுக் கொண்டாடு என்றால் நாம் விழிப்பது போலத்தான்.

அது மட்டுமானால் தேதியை மாற்றிச் சரிக்கட்டிவிடலாம். பண்டிகை ஞாபகங்களையும் அழைத்து வருகிறது. பெற்ற தாய் குடிகாரியாகவே இருந்திருந்தாலும் ஏதோ ஒரு புத்தாண்டில் மடியில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருப்பாள். கூடப்பிறந்த தம்பி இன்னும் அங்கேயே இருக்கலாம். இங்கே சந்தோஷமாக இருந்தால் அவர்களுக்குத் துரோகம் செய்வதாகப் பிள்ளைக்குப் படுகிறது. அதைச் சொல்ல வாயில் மொழியும் இருப்பதில்லை. புதிய மொழியில் பசி, தாகம் வரை வந்திருக்கும், துக்கம் வந்திருக்காது.

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்குப் பெரிய திகைப்பைத் தருவது இந்த இடம்தான். புதிய மொழி துக்கத்தைச் சொல்லும் அளவுக்கு வளர்வதற்குள் பழைய மொழி போய்விடுகிறது. கொரியாவிலிருந்து மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப் போய் வளர்ந்தவர்கள் எட்டுப் பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. கொரிய மொழியைக் கேட்கச் செய்து பார்த்தார்கள். ஒரு வார்த்தை கொரிய மொழி அறியாத பிரெஞ்சுக்காரர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூளைப் படத்திலும் அப்படியே. சீனாவிலிருந்து கனடாவின் க்யுபெக்குக்குச் சென்றவர்களைப் பற்றிய 2014 ஆய்வு, ஒலிகளின் சுவடாவது மூளையில் தங்கியிருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதல் சொன்னது. ஆனால் சொற்கள் போனது போனதுதான். தாலாட்டு, தம்பியின் செல்லப் பெயர், அம்மா திட்டிய திட்டு எல்லாம் அந்த மொழியில்தானே இருந்தன? முதல் வருடத்தில் பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அது சொல்வதைச் சொல்கிறபடியே எழுதி வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை விடப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு எனக்குத் தோன்றவில்லை.

விடுமுறைப் பயணம் வேறொரு கண்டம். சூட்கேஸை எடுத்துப் பரணிலிருந்து இறக்கியதுமே சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவர்கள் வாழ்க்கையில் பெட்டி கட்டியதெல்லாம் ஓர் இடத்தைவிட்டு நிரந்தரமாகப் போவதற்குத்தான். பெற்றோர் கடற்கரை, டிஸ்னி என்று குதிக்கும்போது பிள்ளை அடுத்த இல்லம் எது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பழகிய பெற்றோர் திரும்பும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுக் காட்டுவார்கள். பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை அதன் கட்டிலிலேயே வைத்துவிட்டு, "வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று கதவைச் சாத்துவார்கள். முதல் பயணம் ஒரே ஓர் இரவு, அதுவும் பக்கத்து ஊர்.

உறவினர் சங்கதி நம் வாசகர்களுக்குச் சற்று உறுத்தும். புதிதாக வந்த பிள்ளையை யாரும் தூக்காதீர்கள், கட்டிக்கொள்ளாதீர்கள், உங்கள் கையால் ஊட்டாதீர்கள் என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். தாத்தா பாட்டிக்கும் இதே சட்டம். கைக்குக் கை, மடிக்கு மடி மாறிக் குழந்தை வளரும் நம் வீடுகளில் இப்படிச் சொன்னால் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனால் காரணம் நியாயமானது. இல்லத்தில் மாறி மாறி வரும் ஆயாக்களிடம் வளர்ந்த பிள்ளை, வருகிற யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் கட்டிக்கொள்ளும். பார்ப்பவர்கள் எவ்வளவு பாசம் என்பார்கள். அது பாசமில்லை, யார் என்றாலும் ஒன்றுதான் என்கிற நிலை. இரண்டு பேர் மட்டும் வேறு என்று புரியும்வரை அந்த இரண்டு பேரே சோறு போட வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்றும் அமெரிக்காவில் உண்டு. வெளிநாட்டு இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் கோடையிலோ கிறிஸ்துமஸிலோ சில வாரங்களுக்கு வரவழைத்து வீட்டில் விருந்தாளியாக வைத்துக்கொள்வது. பிறகு விமானம் ஏற்றி அனுப்பிவிடுவது. தத்தெடுப்பதாக வாக்குறுதி எதுவும் கிடையாது என்றுதான் விதி. ஆனால் பல தத்தெடுப்புகள் இப்படித்தான் தொடங்கின என்பது பிள்ளைகளுக்குத் தெரியாதா? மூன்று வாரமும் சமர்த்தாக இருந்து காட்ட வேண்டும். சமர்த்தாக இருந்தும் அடுத்த வருடம் அழைப்பு வராவிட்டால்? பெண் பார்க்கும் படலத்தில் பஜ்ஜி சொஜ்ஜியாவது பெண் வீட்டார் செய்கிறார்கள். இங்கே எல்லாமே பார்ப்பவர்கள் வீட்டில். நல்ல குடும்பங்கள் சில பிள்ளைகளுக்குக் கிடைத்தன, மறுக்கவில்லை. இருந்தாலும் எனக்கு இது ஒப்பவில்லை.

சரிவராமல் போனால் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2010 ஏப்ரலில் டென்னசி மாநிலத்திலிருந்து ஏழு வயது ரஷ்யச் சிறுவனைத் தனியாக மாஸ்கோவுக்கு விமானம் ஏற்றி அனுப்பினார் அவனைத் தத்தெடுத்த பெண்மணி. கையில் ஒரு கடிதம்: இனி என்னால் வளர்க்க முடியாது. 2013 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த பிள்ளைகளை அமெரிக்கப் பெற்றோர் இணையக் குழுக்களில் விளம்பரம் செய்து முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்படைத்துவிடுவதை அம்பலமாக்கியது. இவர்களில் பலரும் கொடியவர்கள் அல்ல. ஒரு கைக்குழந்தையின் அன்பை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் முதல் மாதமே எதிர்பார்த்தவர்கள்.

அரசுகளும் பிள்ளைகளிடம் கருணை காட்டியதாகச் சொல்ல முடியாது. அமெரிக்கா கொண்டுவந்த மக்னிட்ஸ்கி சட்டத்துக்குப் பதிலடியாக, அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுக்கத் தடை விதிக்கும் சட்டத்தில் புதின் 2012 டிசம்பர் 28 அன்று கையெழுத்திட்டார். அமலுக்கு வந்தது 2013 ஜனவரி 1. ரஷ்ய நடைமுறையில் பெற்றோர் முதலில் ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்த்துப் பழகிவிட்டு, நீதிமன்றத்துக்காக மறுபடி வர வேண்டும். திரும்பி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவே முடியாமல் போனது. புத்தாண்டு அன்றைக்கு, பனித் தாத்தா வரும் நாளில்.

கதவுகள் வேறு இடங்களிலும் மூடிக்கொண்டன. எத்தியோப்பியா 2018-இல் நிறுத்தியது. சீனா 2024 செப்டம்பரில். அமெரிக்காவுக்கு 2004-இல் சுமார் 23,000 குழந்தைகள் இப்படி வந்தார்கள். 2023 நிதியாண்டில் 1,275 பேர்தான். குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும், அது முடியாவிட்டால்தான் வெளிநாடு என்கிறது 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. நியாயமான விதி. அதன் விளைவு, கைக்குழந்தைகள் உள்ளூரிலேயே போய்விடுகிறார்கள். கடல் கடப்பவர்கள் வளர்ந்தவர்கள், பிரிக்கக்கூடாத அண்ணன் தங்கைகள், உடற்குறை உள்ளவர்கள். எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, வளர்ந்த பிள்ளையின் கதையே தத்தெடுப்பின் முக்கியக் கதையாகிவிட்டது.

இந்தச் சமாச்சாரத்தில் கொண்டாட்டத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்த தேதியை வருடாவருடம் கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். 'காட்சா டே' என்பார்கள். தமிழில் எப்படிச் சொல்வது? 'பிடிச்சாச்சு நாள்' என்றுதான் வருகிறது. ஏதோ கோழி பிடித்த மாதிரி. வளர்ந்து பெரியவர்களான தத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் பெயரை வெறுக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒருவரைப் பெற்ற நாள் மட்டுமல்ல, மற்றவர்களை இழந்த நாளும். தத்து என்பது கொடுக்கப்பட்டது. சுவீகாரம் என்பது தனதாக்கிக்கொள்வது. இரண்டும் வடசொல்தான், ஆனாலும் கொடுத்தவரையும் எடுத்தவரையும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும் சொற்கள்.

நம் நாட்டுப் பிள்ளைகளும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். ஆண்டுக்குச் சில நூறு பேர் இந்தியாவிலிருந்து போகிறார்கள். நம்மவர்கள் கைக்குழந்தைக்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்க, ஆறு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளை அழைத்துப்போக வெளிநாட்டுத் தம்பதிகளே முன்வருகிறார்கள். இத்தாலிக்கு வரும் பிள்ளைகளின் நாடுகளில் கொலம்பியாவும் இந்தியாவும் முன்வரிசையில் உள்ளன. பிள்ளை போய்ச் சேர்ந்தபின் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அங்கிருந்து இங்கே அறிக்கை வர வேண்டும் என்பது நம் விதி. உயரம், எடை, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் பெற்றோர் நல்ல மனதோடு செய்யும் ஒன்று, இந்தியக் குழந்தை என்றால் தீபாவளி என்று முடிவு கட்டி விளக்கேற்றி, கடையில் வாங்கிய குர்த்தாவை மாட்டிவிடுவது. பிள்ளை ஜார்க்கண்டின் ஆதிவாசிக் கிராமத்திலிருந்து வந்திருந்தால் அதற்குத் தெரிந்தது சர்ஹுலும் கரமும். கொல்கத்தா என்றால் பூஜை. கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம் என்றால் கிறிஸ்துமஸ் பாட்டு அதற்கே வந்த வீட்டை விட நன்றாகத் தெரிந்திருக்கும். பிள்ளைக்குப் பத்து வயது, வாய் இருக்கிறது, கேட்கலாம். எது உனக்குப் பண்டிகை என்று கேட்டால், யார் கண்டது, ஜனவரி 26 அன்று இல்லத்து வாசலில் கொடியேற்றி ஆளுக்கு ஒரு லட்டு கொடுப்பார்களே, அதுதான் என்றுகூடச் சொல்லலாம். லட்டு செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. கடலை மாவு மிலானிலும் கிடைக்கிறது.