விண்மீனைப் பார்க்கும் மலையில் மழையைச் சொல்ல ஆளில்லை!

ஆனி மாதம் பிறந்துவிட்டால் ஜவ்வாது மலையில் எல்லோருடைய கண்ணும் வானத்தின் மேல்தான். சரிவு நிலத்தை உழுது போட்டாயிற்று. சாமை விதை வீட்டில் காத்திருக்கிறது. முதல் மழை விழுந்ததும் விதைப்பதா, இன்னொரு மழை வரட்டும் என்று பொறுப்பதா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷத்துச் சோறு அடங்கியிருக்கிறது.

முதல் மழையை நம்பி விதைக்கிறான். பிறகு பதினைந்து நாள் வானம் பொய்த்துவிடுகிறது. முளைத்த பயிர் கருகுகிறது. விதையும் போயிற்று, உழைப்பும் போயிற்று. மறுபடி விதைக்க வியாபாரியிடம் கையேந்த வேண்டும். பொறுத்திருந்தாலோ பருவம் தவறுகிறது. கதிர் பிடிக்கும் நேரத்தில் மண்ணில் ஈரமில்லை. எல்லாம் சரியாக நடந்து அறுத்துக் களத்தில் போட்டால், எதிர்பாராத மழை வந்து தானியத்தை நனைக்கிறது. இதற்குப் பெயர் விவசாயமா, சூதாட்டமா?

இந்தச் சூதாட்டத்தில் தோற்றவன் எங்கே போகிறான்? கூலி தேடி மலையை விட்டு இறங்குகிறான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 கூலித் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றார்களே, நினைவிருக்கிறதா? செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். மாண்டவர்களில் இந்த மலைவாசிகளும் இருந்தார்கள். செம்மரத்தை விற்றுக் கோடிகள் குவிக்கும் கூட்டத்தில் ஒருவன்கூட அங்கே குண்டடிபட்டுக் கிடக்கவில்லை. நிலம் சோறு போட்டிருந்தால் அந்த ஏழைகள் ஏன் கோடரி தூக்கி அந்நியக் காட்டுக்குப் போகிறார்கள்?

இதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் அங்கே ஒரு வானாய்வுக் கூடம். 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கிக்கு 1986இல் விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். நம் நாட்டுத் தொழிலாளரும் விஞ்ஞானிகளும் உருவாக்கிய கருவி அது. நமக்குப் பெருமைதான். விண்மீன் ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விஞ்ஞானம் மனித குலம் முழுவதற்கும் சொத்து. நாம் கேட்பது இவ்வளவுதான்: எண்ணிப்பார்க்க முடியாத தூரத்திலுள்ள விண்மீனின் ஒளியை அளக்கத் தெரிந்த நாட்டில், நாளை மறுநாள் மலைமேல் மழை வருமா என்று குடியானவனுக்குச் சொல்ல ஏன் ஆளில்லை?

மழை கடவுள் கையில் இருக்கிறது, யாரால் சொல்ல முடியும் என்று இனியும் தட்டிக்கழிக்க முடியாது. இந்திய வானிலை இலாகா 1875இலேயே ஏற்பட்டது. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், தொடர்ந்து வந்த பஞ்சங்களும் வெள்ளையர் சர்க்காரை உலுக்கின. கப்பலும் வருமானமும் அவர்கள் கவலை. விவசாயிகளுக்கென்று தனி வானிலை அறிக்கை 1945இல்தான் தொடங்கியது. இன்று செயற்கைக்கோளும் ராடாரும் இருக்கின்றன. சில நாட்களுக்கு முன்னதாக மழையைக் கணிப்பது சாத்தியம். கணிப்பு சில வேளை தவறும், உண்மை. ஆனால் தவறக்கூடிய கணிப்பும் குருட்டாம்போக்கை விட மேலானது.

பின் எங்கே கோளாறு? முதலாவது, அளவில். ஜில்லாவுக்கு ஒரு முன்னறிவிப்பு சொன்னால் அது சமவெளிக்குப் பொருந்தலாம், மலைக்குப் பொருந்துமா? ஒரு சரிவில் கொட்டும் மழை அடுத்த சரிவில் தூறலாகக்கூட இராது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று குக்கிராமத்தில் அளந்து வைத்தால்தான் விதைக்க ஈரம் போதுமா என்று கணக்குப் பார்க்க முடியும்.

இரண்டாவது, சேர்வதில். 2019இல் ‘மேக்தூத்’ என்ற செல்போன் செயலி வந்தது. 2024 அக்டோபரில் பஞ்சாயத்து வாரியாக முன்னறிவிப்பு என்று மத்திய சர்க்கார் விழா நடத்தியது. நல்லதுதான். ஆனால் இவையெல்லாம் கைபேசித் திரையில் தெரிபவை. நல்ல கைபேசி இல்லாதவனுக்கு, இருந்தும் சிக்னல் கிடைக்காத ஊருக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கு யார் சொல்வது? 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை போய்ச் சேருமுன் குமரி மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். போய்ச் சேராத செய்தி செய்தியே அல்ல.

மூன்றாவது, ஆளில். வெறும் மழைக் கணக்கை ‘இன்று விதைக்காதே, மருந்து தெளிக்காதே, கதிரை மூடி வை’ என்ற பேச்சாக மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். அதற்கென்றே வேளாண் அறிவியல் நிலையங்களில் நாடெங்கும் 199 ஜில்லா வானிலைப் பிரிவுகள் இருந்தன. 2024இல் அவற்றை மூடினார்கள். தகவலெல்லாம் தானியங்கிக் கருவியில் வந்துவிடும், ஆள் எதற்கு என்ற வாதம் மேலிடத்தில் எழுந்தது. இலவசமாகத் தரும் சேவையைக் காசாக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு மறுபடி திறக்கலாமா என்ற பேச்சு வந்தது. ஆலைத் தோழர்களே, ‘இயந்திரம் வந்துவிட்டது, ஆள் எதற்கு’ என்ற இந்தப் பாட்டு உங்களுக்குப் புதிதல்லவே!

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். சாஹேல் பிரதேசத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய பின், மாலி என்ற ஏழை நாடு 1982இலேயே இந்த வேலையில் இறங்கியது. குடியானவர்களிடம் மழைமானிகளைக் கொடுத்தார்கள். அவர்களே மழையை அளந்தார்கள். வானிலை அதிகாரியும் விவசாய அதிகாரியும் சேர்ந்து உட்கார்ந்து, பத்து நாளைக்கொரு முறை யோசனை தயாரித்து, மக்கள் மொழியில் வானொலியில் சொன்னார்கள். ஆனால் பின்னாளில் நடந்த ஆய்வு ஒன்று இன்னோர் உண்மையையும் காட்டியது. அந்த யோசனையை அதிகம் பயன்படுத்த முடிந்தவர்கள் ஏரும் மாடும் சொந்தமாக வைத்திருந்த வசதியுள்ள ஆண்கள்தான். ‘இன்றே விதை’ என்று வானொலி சொன்னாலும், மாடு இல்லாதவன் இரவல் மாட்டுக்குக் காத்திருக்க வேண்டும் அல்லவா? செய்தி மட்டும் போதாது. செய்தியின்படி நடக்க விதையும் ஏரும் கடனும் வேண்டும்.

நம் நாட்டிலும் அனுபவம் உண்டு. ஆந்திராவில் வறட்சி வாட்டும் ஏழு ஜில்லாக்களில் 2003 முதல் சில ஆண்டுகள், விவசாயிகளே மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, கூடிப் பேசிப் பயிரை முடிவு செய்தார்கள். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவித்தார்கள். தஞ்சையில் 1960களில் ஏ.டி.டி. 27 நெல் வானொலி மூலமாகவே பரவி, ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வாங்கியது. படிக்காத ஜனங்கள் விஞ்ஞானத்தை ஏற்க மாட்டார்கள் என்பது சோம்பேறி அதிகாரியின் பொய்.

மலைக்காரன் பாடு நமக்கென்ன என்று சமவெளிக் கூலி விவசாயி நினைக்க வேண்டாம். ஜவ்வாது மலையில் விழும் மழைதான் செய்யாறாக இறங்கி வருகிறது. வயல்வெளியில் வேலை செய்பவனை இடி தாக்குகிறது. ஆண்டுக்கு 2000 பேருக்கு மேல் இந்த நாட்டில் மின்னலுக்குப் பலியாகிறார்கள். ஆலைத் தொழிலாளியும் ஒதுங்கி நிற்க முடியாது. மலையில் விளைச்சல் கெட்டால் அந்த இளைஞன் உங்கள் ஆலை வாசலில்தான் அரைக் கூலிக்கு வந்து நிற்பான். கோடையில் ‘கடும் வெயில், வெளியே வராதீர்’ என்கிறது எச்சரிக்கை. வேலையை நிறுத்தும் உரிமை இல்லாதவனுக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

ஆகவே நாம் கோருவது இவை:

1. ஜவ்வாது மலையின் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மழைமானி வைக்க வேண்டும். அளக்கும் பொறுப்பை உள்ளூர் இளைஞருக்கும் பெண்களுக்கும் கூலி கொடுத்து ஒப்படைக்க வேண்டும்.

2. மலைக்கென்று தனி முன்னறிவிப்பு வேண்டும். அதை வானொலியிலும், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வாரச்சந்தை ஆகிய இடங்களில் ஒலிபெருக்கியிலும் கரும்பலகையிலும் மக்கள் பேச்சில் அறிவிக்க வேண்டும்.

3. ஜில்லா வானிலைப் பிரிவுகளை நிரந்தர ஊழியர்களுடன் நடத்த வேண்டும். வானிலைச் செய்தியைக் காசுக்கு விற்கக் கூடாது.

4. விதைப்பு பொய்த்தால் மறுவிதைப்புக்குச் சாமை, கேழ்வரகு விதை இலவசமாகத் தர வேண்டும். கிராமத்தில் அளந்த மழைக் கணக்கை வறட்சி நிவாரணத்துக்கு ஆதாரமாக ஏற்க வேண்டும்.

5. இடி, கடும் வெயில் எச்சரிக்கை வந்தால் கூலி குறையாமல் வேலையை நிறுத்தும் உரிமை வேண்டும்.

இவற்றுக்கு மலைபோல் பணம் தேவையில்லை. மழைமானி என்பது அளவு குறித்த ஒரு சாதாரணப் பாத்திரம்தானே! தேவைப்படுவது மனம். அந்த மனம் ஆள்வோருக்குத் தானாக வராது. கிராமத்தில் கூடிப் பேசி, மனு எழுதி, ஜமுனாமரத்தூரில் திரண்டு நின்று வர வைக்க வேண்டும். வானத்தை நம் விருப்பப்படி திருப்ப முடியாது. ஆனால் வானத்தைப் பற்றிய அறிவைப் பணக்காரன் வீட்டுப் பெட்டகத்திலிருந்து மலைக் குடிசைக்குக் கொண்டுவர முடியும். அடுத்த ஆனிக்குள் அதைச் செய்வோம்!