வென்றவரும் தோற்றவரும்



தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று வந்துவிட்டால், நம் சாயல்குடிப் பகுதி இல்லங்களிலும் கட்சி பிரிந்துவிடுகிறது. அண்ணன் ஒரு பாடகருக்கு, தங்கை இன்னொருவருக்கு! முடிவு தெரிந்தபின் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசாத பிள்ளைகளும் உளர். பாடியவர்களோ?

அமெரிக்காவில் 2003 மே மாதம் நடந்த ‘அமெரிக்கன் ஐடல்’ இறுதிப் போட்டியில் இருவர் எஞ்சினர். ரூபன் ஸ்டடார்ட், அலபாமா மாநிலத்துக் கறுப்பினத்தவர். கிளே ஐக்கன், வட கரோலினாவின் வெள்ளையர். மக்கள் அளித்த ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் வாக்குகளில் ரூபன் வென்றது சுமார் 1,34,000 வாக்குகளால்தான். நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை! தொலைபேசி நெரிசலில் பல அழைப்புகள் பதிவாகவே இல்லை என்று ரசிகர்கள் வாதாடினர். ஐக்கன் மனங்கசக்க இது போதாதா? ரூபனுக்கும் பொறாமைக்கு இடமிருந்தது: தோற்றவரின் முதல் இசைத்தொகுப்பே வென்றவரின் தொகுப்பைவிட மிகுதியாக விற்றது.

ஆயினும் அவர்கள் நட்பு முறியவில்லை. 2018 டிசம்பரில் நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில், ஒருவரையொருவர் கேலிசெய்து சிரித்தபடி, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியொன்றைச் சேர்ந்து நடத்தினர். (கேலியைத் தாங்கும் நட்பே உரமான நட்பு என்பது நம் எண்ணம்.) போட்டியின் இருபதாம் ஆண்டான 2023-இல் ஊர் ஊராய்ச் சென்று இணைந்து பாடினர்.

நம் பங்குகளிலும் கிறிஸ்து பிறப்புப் பாடல் போட்டி நடைபெறுகிறதே. பரிசு பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் நள்ளிரவுத் திருப்பலியில் ஒன்றாக நிறுத்திப் பாடவைத்தால் என்ன?