பெட்டியில் என்ன, அண்ணே?

ஒரு கொலை பண்ண வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பதறாதீர்கள், காகிதத்தில்தான். நாலு பக்கத்துக்குள் ஒரு க்ரைம் சிறுகதை. படித்தால் சிரிப்பு வரவேண்டும். சிரித்த பிறகு, 'சே, இதுக்கா சிரிச்சோம்?' என்று கொஞ்சம் கூசவேண்டும். அவ்வளவுதான் லட்சியம்.

இந்த ரகத்தில் கில்லாடி ரோல்ட் டால். 1953-ல் வந்த அவர் கதையில், விட்டுப் போகிறேன் என்று சொல்லும் போலீஸ்காரப் புருஷனை, உறைந்து கல்லாகிக் கிடக்கும் ஆட்டுத்தொடையால் மண்டையில் ஒன்று போடுகிறாள் மனைவி. அப்புறம் அதையே சமைத்து, துப்புத் துலக்க வந்த போலீஸாருக்குப் பரிமாறுகிறாள். ஆயுதம் எங்கே போச்சு என்று ஆயுதத்தை மென்றுகொண்டே பேசுகிறார்கள்! 1958-ல் ஹிட்ச்காக் இதை டி.வி.க்குப் படமாக எடுத்தார்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' எழுதி கணேஷை இறக்கிவிட்டார் சுஜாதா. கோவையில் உட்கார்ந்துகொண்டு 1,500-க்கும் மேல் நாவல் எழுதினார் ராஜேஷ்குமார். அப்புறம் பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. மார்த்தாண்டத்தில் பாக்கெட் நாவலோடு பஸ் ஏறி, நாகர்கோவிலில் இறங்குவதற்குள் கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஆபீஸில் கையெழுத்துப் போட்ட தலைமுறை நாங்கள்.

சரி, நம் கொலையைக் குழித்துறையில் வைப்போம் என்று உட்கார்ந்தேன். ஆட்டுத்தொடைக்குப் பதில் சக்கை. (மற்ற ஜில்லாக்காரர்களுக்கு: பலாப்பழம்.) பன்னிரண்டு கிலோ, மேலெல்லாம் முள். மாடியிலிருந்து போட்டால் ஆள் காலி. பிறகு பிரதமன் வைத்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு டம்ளர். பிரமாதம்!

ஆனால் நடக்காது. எங்கள் ஊரில் சக்கை வெட்டினால் பத்து வீட்டுக்குப் பங்கு போக வேண்டும். பத்து வீட்டிலும், "அண்ணன எங்க, ரெண்டு நாளா காணல?" என்பார்கள். 

உடலை ஒளிப்பது அதைவிடக் கஷ்டம். 1952 ஆகஸ்டில் சென்னையில் ஆளவந்தார் என்ற பேனா வியாபாரி கொலையானார். தலை ராயபுரம் கடற்கரையில். உடல் மட்டும் டிரங்குப் பெட்டியில் போட் மெயில் ஏறி மானாமதுரை வரை போனது. (வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் கதைகளும் எழுதியவர் என்பது உபரித் தகவல்.) பட்டணத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு போனால் யாரும் கேட்பதில்லை. குழித்துறையில் வீட்டிலிருந்து ஸ்டேஷன் போவதற்குள் ஏழு பேர் கேட்பார்கள்: "எங்க போறிய? பெட்டியில என்ன, அண்ணே?" எட்டாவது ஆள் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டு, "நல்ல கனமால்லா இருக்கு, அரிசியா?" என்பார்.

அப்போதுதான் பொறி தட்டியது. பட்டணத்துக் கதையில் யாருக்கும் எதுவும் தெரியாது, அதனால் துப்பறிய வேண்டும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அப்படியானால் கதை எங்கே? ஒருத்தரும் வாய் திறக்காததில்!

மளமளவென்று எழுதினேன். இரண்டு சென்ட் நிலத்துக்கு அண்ணன் தம்பி சண்டை. ஒரு நாள் அண்ணன் கிணற்றில் 'தவறி' விழுகிறார். எல்லைக் கல் இரண்டடி நகர்கிறது. ஆடி அமாவாசை. தாமிரபரணிக் கரையில், ஊரே வாவுபலிக்கு வரிசையில் நிற்க, தம்பி பயபக்தியோடு அண்ணனுக்கு எள்ளும் சோறும் வைக்கிறான். கை தட்டிக் கூப்பிடுகிறான். காக்கை வரவில்லை. மறுபடி தட்டுகிறான். எதிர்த் தென்னையில் நாலு காக்கை உட்கார்ந்து பார்க்கிறது, இறங்கவில்லை. வரிசை மொத்தமும் தரையைப் பார்க்கிறது. கடைசியில் பின்னால் நிற்பவர் ஆறுதலாகச் சொல்கிறார்: "வெயிலுக்கு வராது, தம்பி. பிள்ள போய் டீ குடி."

முற்றும்.

எழுதியபோது சிரித்தேன். படித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த வரிசையில் நானும் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேனே! சாட்சிகளைக் காப்பாற்ற 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு திட்டத்துக்கே ஒப்புதல் கொடுத்தது. மிரட்டுகிறவனிடமிருந்து காப்பாற்றலாம். நாளைக் காலை அதே டீக்கடையில் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற கூச்சத்திலிருந்து யார் காப்பாற்றுவது?

ஆபீஸ் நண்பரிடம் கதையைக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, "ஓய், இது நம்ம ஊர்ல நடந்ததா?" என்றார்.

"இல்ல ஓய், கற்பனையாக்கும்."

"அப்பம் செரி" என்று காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார். "நடந்ததுன்னா, நான் இத வாசிக்கவே இல்ல, கேட்டீரா?"