வானிலை அறிவிப்பு கடலுக்குப் போகிறவருக்கு மட்டுமா?

மன்னாரின் பேசாலையிலோ வங்காலையிலோ கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டே வள்ளம் தள்ளுகிறார்கள். அதே அறிவிப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வீட்டிலிருக்கும் பெரியவருக்கும் உதவும் என்றால் பலர் ஒப்புவதில்லை. "முட்டு வருத்தத்துக்கு மருந்து இருக்கிறது, வானிலை எதற்கு?" என்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மன்னாரில் குளிர் ஏது?"

இலண்டன் குளிர் இங்கே இல்லைதான். ஆனால் உடம்பு பழகிய வெப்பத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதே முக்கியம். 1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, ஒரே ஒரு பாகை குளிர் கூடும்போது தென் பின்லாந்தைவிட ஏதென்ஸில் இறப்புகள் அதிகம் கூடுவதைக் காட்டியது. குளிருக்குப் பழகிய ஊரார் வீட்டையும் உடையையும் அதற்கேற்ப வைத்துக்கொள்கிறார்கள். நம்முடைய வீடுகளோ காற்று புகுந்து போவதற்கென்றே கட்டப்பட்டவை.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அத்தகைய குளிர்ந்த காற்று மனிதரின் மூச்சுக்குழாயையும் சுருக்கும். ஏற்கெனவே பழுதான நுரையீரலுக்கு அந்தச் சுருக்கமே போதும், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப. மறுமுனையில், சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் உடம்பின் நீர் வற்றினாலும் இந்த நோயாளிகளுக்கு மூச்சு வாங்கும்.

"கடற்காற்று சுத்தமானது, இங்கே ஆலையுமில்லை."

காற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது. அதே 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு இலங்கையின் காற்றைக் கெடுத்திருப்பதாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகளை வீட்டிலிருத்தினோம். நெஞ்சுநோய்க்காரரிடம் என்ன செய்யவேண்டும் என்று யார் போய்ச் சொன்னார்கள்?

இன்னொரு புகை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில் சமைத்தன. வாடைக்காற்றோடு மழை சாரலடிக்கும் மாலையில் குசினியைப் பாருங்கள். விறகு ஈரம், அடுப்பு பற்றாமல் புகைகிறது. சாரலுக்குப் பயந்து கதவையும் சாத்தியாயிற்று. ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்க்குப் பின்னால், அடுத்த அறையில், இருமிக்கொண்டிருப்பவர் அந்தப் புகையையே இழுக்கிறார். வாழ்நாளில் சுருட்டோ பீடியோ தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருவதற்கு விறகுப் புகை ஒரு பெரிய காரணம். இரண்டு நாள் முன்னதாக மழை தெரிந்தால் காய்ந்த விறகை உள்ளே எடுத்து வைக்கலாம், நேரத்தோடு சமைத்து முடிக்கலாம், நோயாளியைப் புகை எட்டாத பக்கம் படுக்க வைக்கலாம்.

"அறிவிப்பு அடிக்கடி பொய்க்கிறது."

பொய்த்தால் யாருக்கு என்ன நட்டம்? கடற்றொழிலாளிக்கு ஒரு நாள் உழைப்பு போகிறது. அப்படியிருந்தும் அவர் அறிவிப்பைக் கைவிடவில்லை. நோயாளி செய்யவேண்டியது இன்ஹேலரில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது, போர்வையை எடுத்து வைப்பது, தூர வேலையைத் தள்ளிப்போடுவது. குளிர் வராவிட்டாலும் இதில் இழப்பு எதுவுமில்லை. வந்துவிட்டால் ஆயத்தமில்லாதவருக்கோ உயிரே ஆபத்தில்.

"பிரித்தானியாவிலேயே இது பெரிதாகப் பலிக்கவில்லை."

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்நாட்டு வானிலைத் திணைக்களம் குளிர்காலத்தில் இந்த நோயாளிகளைத் தானியங்கித் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தது. நோய்க்குறிகளையும் மருந்து இருப்பையும் கேட்டது. ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறின, தெளிவான குறைவைக் காணவில்லை என வேறு சில கூறின. ஆகவே எச்சரிக்கை மட்டும் ஒருவரையும் காப்பாற்றாது என்பதை ஏற்கிறேன். எச்சரிக்கை கேட்டவர் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"மருந்து இருக்கிறதே, அது போதும்."

மருந்து கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் சுகமானதும் தினசரி மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. சளியின் நிறம் மாறுவதும் மூச்சு வாங்குவது கூடுவதும் பெரும்பாலும் சில நாள் முன்னரே தொடங்கும். அவற்றைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டு, அருவி ஆறு பெருகி வீதியை மூடிய நாளில் முசலிப் பக்கத்து நோயாளி எப்படி மன்னார் ஆஸ்பத்திரிக்கு வருவார்? மழைக்கு முன் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கச் சொல்வதற்கு அறிவிப்பைவிட நல்ல காரணம் இல்லை.

இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலேயே அறிவிப்பு தருகிறது. கிளினிக்கில் வைத்தியர் ஒவ்வொரு நோயாளியின் கொப்பியிலும் நாலு வரி எழுதிக் கொடுக்கட்டும்: குளிரோ புகைமூட்டமோ வந்தால் என்ன செய்வது, எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது, எந்த அறிகுறி கண்டால் உடனே வருவது. தானாக மருந்தைக் கூட்டிக் குறைப்பது ஆபத்து என்பதால் அந்த வரிகள் வைத்தியர் கையால் வரவேண்டும். கடல் கொந்தளிப்பை அறிவிக்கும் கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் நெஞ்சுநோய்க்காரருக்கும் ஒரு வரி சேர்க்கட்டும். வரும் மாரிக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.